உள்வினவலுக்கு என்ன விலை? தரவுத்தளத் திட்டமிடலின் நாற்பதாண்டு வரலாறு

தரவுத்தளப் பாடம் பயின்றவர்களுள் பலர் ஓர் அறிவுரையைக் கேட்டிருப்பார்கள்: உள்வினவலைத் தவிர்க்க வேண்டும், இயன்றவரை அதை இணைப்பாக மாற்றி எழுத வேண்டும். காரணம் கேட்டால், உள்வினவல் மெதுவானது என்ற ஒற்றை விடையே கிடைக்கும். இவ்வறிவுரை எப்போது உண்மையாக இருந்தது, ஏன் உண்மையாக இருந்தது, இன்று எந்த அளவுக்கு உண்மை என்று ஆராய்ந்தால், 1970களின் கலிபோர்னியாவில் தொடங்கி மும்பை, பெங்களூரு வரை நீளும் ஓர் ஆய்வு வரலாறு விரிகிறது. அதன் மையத்தில் இருப்பது ஒரு மதிப்பீட்டுச் சிக்கல். ஓர் உள்வினவலை இயக்க எவ்வளவு செலவாகும் என்பதை, இயக்குவதற்கு முன்பே கணித்துச் சொல்ல முடியுமா?

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தார். தரவு வட்டில் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர் அறிய வேண்டியதில்லை என்பது அம்மாதிரியின் அடிப்படை வாக்குறுதி. தனக்கு எது வேண்டும் என்பதைப் பயனர் சொல்வார். அதை எப்படி எடுப்பது என்பதை இயந்திரம் தீர்மானிக்கும். 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வடிவமைத்த சீக்வெல் மொழி, பின்னாளில் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. ஒரு வினவலின் நிபந்தனைக்குள் மற்றொரு முழு வினவலையே வைக்கலாம் என்பது அம்மொழியின் சிறப்புகளுள் ஒன்று. மனிதர் இயல்பாகக் கேட்கும் கேள்வியின் வடிவத்துக்கு அது மிக நெருக்கமாக இருந்தது. ஆனால், அந்த வசதியே காட் தந்த வாக்குறுதிக்குப் பெரும் சோதனையாகவும் அமைந்தது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டவணையில் 1,00,000 பதிவுகள் உள்ளன. கல்லூரிகள் 500, ஒவ்வொன்றிலும் 200 மாணவர்கள். தம் கல்லூரியின் சராசரி மதிப்பெண்ணைவிட அதிகம் பெற்ற மாணவர்கள் யார் என்பது கேள்வி. வெளிவினவல் மாணவர்களை ஒவ்வொருவராக எடுக்கிறது. உள்வினவல் அந்த மாணவருடைய கல்லூரியின் சராசரியைக் கணக்கிடுகிறது. உள்வினவலுக்குள் செல்லும் கல்லூரி எண், வெளியிலிருந்து வரும் அளபுரு. இவ்வாறு வெளிவினவலின் மதிப்பைச் சார்ந்திருப்பதைச் சார்புள்ள உள்வினவல் என்று அழைக்கலாம்.

இதை எழுதியவாறே இயக்கினால், ஒவ்வொரு மாணவருக்கும் முழு அட்டவணையையும் படிக்க வேண்டும். படிக்கப்படும் பதிவுகள் 1000 கோடி. கல்லூரி எண்மீது இன்டெக்ஸ் இருந்தால், ஒரு முறைக்கு 200 பதிவுகள் போதும். மொத்தம் 2 கோடி. மாணவர்களைக் கல்லூரி எண் வரிசையில் எடுத்து, எண் மாறும்போது மட்டும் சராசரியை மீண்டும் கணக்கிட்டால், உள்வினவல் 500 முறையே இயங்கும். அதற்குள் படிக்கப்படுபவை 1,00,000 பதிவுகள். உள்வினவலையே நீக்கி, எல்லாக் கல்லூரிகளின் சராசரியையும் ஒரே சுற்றில் கணக்கிட்டு, பிறகு மாணவர் அட்டவணையுடன் இணைத்தால், மொத்தம் 2,00,000 பதிவுகளைப் படித்தால் போதும். கேள்வியும் விடையும் ஒன்றே. செலவோ ஐம்பதாயிரம் மடங்குவரை வேறுபடுகிறது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், உள்வினவலை நீக்குவதே எப்போதும் சரி என்று சொல்லிவிடலாம். வெளிவினவலில் மற்றொரு நிபந்தனை சேர்ந்து, குறிப்பிட்ட 3 மாணவர்களைப் பற்றி மட்டுமே கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டெக்ஸ் வழியாக உள்வினவலை 3 முறை இயக்கினால் 600 பதிவுகள் போதும். இணைப்பாக மாற்றினால், யாருக்கும் தேவைப்படாத கல்லூரிகளின் சராசரிகளையும் சேர்த்துக் கணக்கிட 1,00,000 பதிவுகளைப் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே, உள்வினவலின் விலை அதனுள்ளேயே எழுதப்பட்டிருப்பதில்லை. அது எத்தனை முறை அழைக்கப்படும், எத்தனை வேறுபட்ட மதிப்புகளோடு அழைக்கப்படும், அம்மதிப்புகள் எந்த வரிசையில் வரும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் இயங்கிய பிறகு விடை கிடைக்கும் என்ற நான்கு கேள்விகளே அந்த விலையைத் தீர்மானிக்கின்றன. இந்நான்கையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, குவெரி பிளானர் எனப்படும் வினவல் திட்டமிடுவிக்குக் கற்றுக்கொடுக்க முயன்றதே அடுத்த நாற்பதாண்டு வரலாறு.

முதல் முயற்சி ஐ.பி.எம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்திலேயே நடந்தது. 1979இல் பாஸ்டனில் நடந்த சிக்மாட் மாநாட்டில் பாட்ரிஷியா செலிங்கரும் நான்கு சக ஆய்வாளர்களும் அளித்த கட்டுரை, இன்றைய திட்டமிடுவிகள் பலவற்றுக்கும் மூல நூல் போன்றது. ஒரு திட்டத்தின் செலவு என்பது படிக்கப்படும் வட்டுப் பக்கங்களின் எண்ணிக்கையும், செயலிப் பணியின் எடையிடப்பட்ட அளவும் சேர்ந்தது என்று அது வரையறுத்தது. ஒரு நிபந்தனை எத்தனை பங்கு பதிவுகளைக் கடக்கவிடும் என்ற தேர்வு விகிதத்துக்கும் விதிகள் தந்தது. இன்டெக்ஸ் இல்லாத நெடுவரிசையில் சமன் நிபந்தனை வந்தால் பத்தில் ஒன்று. மதிப்பு தெரியாத பெரிது–சிறிது ஒப்பீட்டுக்கு மூன்றில் ஒன்று. இவை அளந்து பெற்ற எண்கள் அல்ல. எதுவும் தெரியாதபோது ஏதேனும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற நிலையில் வைத்த எண்கள்.

இன் என்னும் சொல்லால் இணைக்கப்படும் உள்வினவலுக்கு அக்கட்டுரை தந்த விதி சற்று நுட்பமானது. உள்வினவல் தரக்கூடிய பதிவுகளின் எண்ணிக்கையை, அதில் இடம்பெறும் அட்டவணைகளின் மொத்தப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். உள்வினவல் எதையும் வடிகட்டாவிட்டால் விகிதம் ஒன்றாகும். வடிகட்டும் அளவுக்கேற்ப வெளி நிபந்தனையும் இறுகும். வெளியே உள்ள மதிப்புகளெல்லாம் உள்ளேயும் இருக்கும் என்ற அனுமானம் இதன் பின்னே நிற்கிறது. அனுமானம் பொய்த்தால் எண்ணும் பொய்க்கும்.

அதே கட்டுரையின் இறுதிப் பகுதி உள்வினவல்களைப் பற்றியது. சார்பற்ற உள்வினவலை ஒருமுறை இயக்கினால் போதும். சார்புள்ளதை வெளிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் மீண்டும் இயக்க வேண்டும். எனினும், வெளிப்பதிவுகள் அளபுருவின் வரிசையில் வந்தால், முந்தைய மதிப்பும் இப்போதைய மதிப்பும் ஒன்றாக இருக்கும்போது பழைய விடையையே பயன்படுத்திக்கொள்ளலாம். சில வேளைகளில் இதற்காகவே வெளி அட்டவணையை வரிசைப்படுத்துவதுகூட ஆதாயம் தரலாம் என்று ஆசிரியர்கள் சுட்டினர். மேலே கண்ட நான்கு கேள்விகளுள் மூன்று இந்தச் சில வரிகளுக்குள்ளேயே இருந்தன. ஆனால், அடுத்த தலைமுறை ஆய்வு அவ்வழியில் தொடரவில்லை.

1982இல் வொன் கிம் வெளியிட்ட கட்டுரை வேறு திசையைக் காட்டியது. உள்வினவலுக்கு விலை கணிப்பதைவிட, அதைக் கரைத்துவிடுவது எளிது என்பதே அதன் சாரம். அவர் உள்வினவல்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையையும் இணைப்பாக மாற்றும் முறைகளைத் தந்தார். இணைப்பாகிவிட்டால், சிஸ்டம் ஆர் ஏற்கெனவே நன்கு அறிந்த செலவுக் கணக்குகள் அனைத்தும் அதற்குப் பொருந்தும். முன்னர்த் திறக்க முடியாதிருந்த பெட்டி திறந்துவிடும்.

அவ்வழியில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. தம்மிடம் உள்ளதாக ஒவ்வொரு கல்லூரியும் அறிவித்த ஆய்வாளர் எண்ணிக்கையும், ஆய்வாளர் அட்டவணையில் உண்மையாக உள்ள எண்ணிக்கையும் பொருந்தும் கல்லூரிகள் எவை என்று கேட்பதாகக் கொள்வோம். கிம்மின் முறை ஆய்வாளர்களைக் கல்லூரிவாரியாகத் தொகுத்து எண்ணிவிட்டு, பிறகு கல்லூரி அட்டவணையோடு இணைக்கும். ஆய்வாளர் ஒருவரும் இல்லாத கல்லூரிக்குத் தொகுதியே உருவாகாது. ஆகவே, பூச்சியம் என்று நேர்மையாக அறிவித்த கல்லூரி விடையிலிருந்து மறைந்துவிடும். 1984இல் வெர்னர் கீஸ்லிங் இதைச் சுட்டிக்காட்டினார். கவுண்ட் பிழை என்ற பெயரில் இன்றும் பாடநூல்களில் நினைவுகூரப்படுவது இதுவே. 1987இல் ரிச்சர்ட் கான்ஸ்கியும் ஹாரி வாங்கும் வெளி இணைப்பைப் பயன்படுத்தி இதற்குத் தீர்வு கண்டனர்; பொருந்தும் பதிவு இல்லாதவற்றையும் வெளி இணைப்பு கைவிடாது என்பதே காரணம். அதே ஆண்டில் உமேஷ்வர் தயாள் உள்வினவல்கள் பலவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். 1992இல் முரளிகிருஷ்ணா அம்முறைகளை மேலும் செம்மையாக்கினார்.

இப்பிழையின் வரலாறு ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. ஒரு திட்டத்தின் செலவை மற்றொன்றின் செலவோடு ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்பது உறுதியாக வேண்டும். நாட் இன் என்னும் சொல்லமைப்பு இதற்கு இன்னொரு சான்று. உள்வினவலின் விடையில் நல் எனப்படும் அறியா மதிப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும், எந்த வெளிப்பதிவும் அந்நிபந்தனையைக் கடக்க இயலாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டில், பின்னதை எதிர் இணைப்பாக மாற்ற முடிகிறது. முன்னதை மாற்றுவதற்கோ, நல் வராது என்ற உறுதி தேவைப்படுகிறது. ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் இயங்கும் இடங்களில், பெரும்பாலும் பழி திட்டமிடுவியின் அறியாமையைச் சேர்ந்ததன்று. மொழியின் பொருள்வரையறை விதித்த கட்டுப்பாடு அது.

1990களில் ஆய்வு மீண்டும் விலைக் கேள்விக்குத் திரும்பியது. 1993இல் ஜோசப் ஹெல்லர்ஸ்டைனும் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும், விலையுயர்ந்த நிபந்தனைகளைத் திட்டத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று ஆராய்ந்தனர். அதுவரை வடிகட்டும் நிபந்தனையை எவ்வளவு முன்னதாக இயக்குகிறோமோ அவ்வளவு நன்று என்பது மரபு. நிபந்தனைக்குள் ஒரு முழு உள்வினவல் அமர்ந்திருந்தால் அந்த மரபு தலைகீழாகலாம். இணைப்பு முடிந்து பதிவுகள் குறைந்த பிறகு அதை இயக்குவதே மலிவு. அது எவ்வளவு பதிவுகளை நீக்கும், ஒரு பதிவுக்கு எவ்வளவு செலவாகும் என்ற இரண்டின் விகிதமே அதன் இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். எத்தனை முறை என்ற முதற்கேள்வி இங்கே கூர்மை பெற்றது.

1996இல் பிரவீண் சேஷாத்ரி, ஹமீத் பிராஹேஷ், கிளிஃப் லியுங் ஆகியோர் மேஜிக் முறையைக் கொண்டு சார்புள்ள உள்வினவல்களை நீக்கிக் காட்டினர். மேலே கண்ட மூன்று மாணவர் கேள்வியில், அந்த மூவரின் கல்லூரிகளை முதலில் திரட்டி, அவற்றுக்கு மட்டும் சராசரியைக் கணக்கிட்டு, பிறகு இணைப்பது இதன் வழி. தேவையற்ற கல்லூரிகளின் கணக்கு இதனால் தவிர்க்கப்படுகிறது. ஆனால், திரட்டுவதற்கும் ஒரு செலவு உண்டு. அதே ஆண்டில் சேஷாத்ரியும் எஸ். சுதர்ஷனும் உள்ளிட்ட குழுவொன்று, மேஜிக் மாற்றத்தைக் கண்மூடிச் செய்யாமல், செலவுக் கணக்கின்படி ஏற்கவோ விடவோ திட்டமிடுவிக்கு வழி செய்தது. இதன் தொடர்ச்சியாக 2001இல் மைக்ரோசாஃப்ட்டின் சீசர் கலிண்டோ-லெகாரியாவும் மிலிந்த் ஜோஷியும், உள்வினவல் நீக்கத்தைச் சிறுசிறு இயற்கணித விதிகளாகப் பிரித்துத் தந்தனர். விதிகள் சிறியவையானதால், அவற்றை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்பதைச் செலவே தீர்மானிக்க இயன்றது. 2006இல் ஆரக்கிள் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையும் இதே முடிவை எட்டியது: உள்வினவலைக் கரைப்பதா வேண்டாமா என்பதும் விலை பார்த்து எடுக்க வேண்டிய முடிவே.

இங்கேதான் இந்திய ஆய்வகங்கள் இவ்வரலாற்றில் தெளிவான இடம் பெறுகின்றன. 2005இல் நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் நடந்த வி.எல்.டி.பி. மாநாட்டில், மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ரவீந்திர குரவண்ணவர், ராமானுஜம், சுதர்ஷன் ஆகியோரின் கட்டுரை வெளியானது. உள்வினவலை நீக்குவது எப்போதும் இயல்வதன்று. இயன்றாலும் எப்போதும் ஆதாயம் தருவதன்று என்பது அதன் தொடக்கப் புள்ளி. அப்படியானால், மீண்டும் மீண்டும் அழைக்கப்படும் உள்வினவலை மலிவாக்குவது எப்படி? அளபுருக்கள் வரிசையாக வருமாயின், உள்வினவலின் செயலிகள் தம் முந்தைய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். உள் அட்டவணையும் அதே வரிசையில் இருந்தால், ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து படிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நூறு அழைப்புகள் சேர்ந்தும் ஏறத்தாழ ஒரே வாசிப்பின் செலவே ஆகும்.

இதன் வரலாற்று முக்கியத்துவம் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு முறைக்கான செலவை அழைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்குவதே அதுவரை பரவலான வழக்கம். அழைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் அப்பெருக்கலில் மறைந்திருந்தது. மும்பைக் கட்டுரை அந்த அனுமானத்தையே கேள்விக்குட்படுத்தியது. அளபுருக்களின் வரிசையை வெளித்திட்டத்துக்கும் உள்திட்டத்துக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தமாகத் திட்டமிடுவி கருத வேண்டும். எந்த வரிசை ஒட்டுமொத்தச் செலவைக் குறைக்கும் என்று தேட வேண்டும். தம் இயக்க முறைகளை அவர்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நிறுவியும் காட்டினர். 1979இல் சில வரிகளில் சுட்டப்பட்ட கருத்து, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் முழுமையான தேடல் முறையாக வளர்ந்தது.

அதே போஸ்ட்கிரெஸின் மூலநிரல் இவ்வரலாற்றை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 1998இல் வெளியான அதன் 6.3ஆம் பதிப்பில் உள்வினவல் வசதி சேர்ந்தது. அதைச் செய்தவர் வதிம் மிகேயெவ். உள்வினவல் நிபந்தனையின் தேர்வு விகிதமாக அப்போது 0.5 வைக்கப்பட்டது. இது தற்காலிகமானது, பின்னர்ச் சரிசெய்ய வேண்டும் என்ற பொருளில் தேதியுடன் ஒரு குறிப்பும் எழுதப்பட்டது. அக்குறிப்பு பல்லாண்டுகள் அங்கேயே இருந்தது. இதை அலட்சியம் என்று தள்ளிவிட இயலாது. உள்வினவல் ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும்போது, அதன் தேர்வு விகிதத்துக்கு ஆதாரமாகும் புள்ளிவிவரமே திட்டமிடுவியிடம் இல்லை. பாதி கடக்கும், பாதி கடக்காது என்பது அறியாமையின் நேர்மையான வடிவம்.

எவ்வளவு தூரம் இயங்கும் என்ற நான்காம் கேள்விக்கும் போஸ்ட்கிரெஸில் அத்தகைய விடைகள் உண்டு. எக்ஸிஸ்ட்ஸ் ஒரு பதிவு கிடைத்ததும் நின்றுவிடும். ஆகவே ஒரு பதிவைப் பெறும் செலவு மட்டும் கணக்கில் சேரும். எனி, ஆல் ஆகியவை இடையில் நிற்கக்கூடியவை. ஆகவே பாதிச் செலவு. மற்றவற்றுக்கு முழுச் செலவு. உள்வினவல் தரும் பதிவுகள் உள்ளே சமமாகப் பரவியிருக்கும் என்ற அனுமானமே இவற்றின் அடிப்படை. தேடும் பதிவு இல்லவே இல்லையெனில், ஒரு பதிவின் விலை என்று கணக்கிடப்பட்ட எக்ஸிஸ்ட்ஸ் கடைசிவரை ஓடிய பிறகே ஓயும்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. திட்டமிடுவி உள்வினவலுக்கு முதலில் திட்டம் வகுக்கிறது, வெளிவினவலுக்குப் பிறகு. எத்தனை முறை அழைக்கப்படும் என்பது உள்வினவலின் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் தெரியாது. சில முறை என்றால் இன்டெக்ஸ் வழியாகத் தனித்தனியே தேடுவது மலிவு. பல்லாயிரம் முறை என்றால் முழு விடையையும் ஒருமுறை கணக்கிட்டு ஹாஷ் அட்டவணையில் வைத்துக்கொள்வது மலிவு. 2009இல் வெளியான 8.4ஆம் பதிப்பு எக்ஸிஸ்ட்ஸ் வினவல்களை இயன்ற இடங்களில் அரை இணைப்பாகவும் எதிர் இணைப்பாகவும் மாற்றியது. மாற்ற இயலாத இடங்களில், பொருந்தினால், இரு திட்டங்களையும் வைத்துக்கொண்டு இயக்கம் தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தது. அந்தத் தேர்வுக்கு, அக்கட்டம் வெளியிடும் பதிவுகளின் எண்ணிக்கையே அழைப்புகளின் எண்ணிக்கையாகக் கொள்ளப்பட்டது. உள்வினவலே வடிகட்டும் நிபந்தனையாக இருந்தால், அழைப்புகள் அதைவிட அதிகமாகவே இருக்கும். 2021இல் வெளியான 14ஆம் பதிப்பில், இத்தேர்வு திட்டமிடலின் இறுதிக் கட்டத்துக்கே கொண்டுவரப்பட்டது. பதிவுகள் எத்தனை என்பது அங்கே நன்கு தெரியும். அதே பதிப்பில் இணைப்புகளுக்காக மெமோயிஸ் என்ற புதிய செயலியும் வந்தது. ஒருமுறை கண்ட அளபுருவின் விடையை நினைவகத்தில் வைத்து, அதே மதிப்பு மீண்டும் வரும்போது அதையே தருவது அதன் பணி. வரிசைப்படுத்தாமலேயே 1979இன் மறுபயன்பாட்டை அது சாத்தியமாக்குகிறது.

இதற்கிடையில் 2015இல் மியூனிக் நகரின் தாமஸ் நாய்மனும் அல்ஃபோன்ஸ் கெம்பரும், எவ்வகைச் சார்புள்ள உள்வினவலையும் நீக்கவல்ல பொதுமுறை ஒன்றைத் தந்தனர். வெளியிலிருந்து வரும் அளபுருக்களில் மீண்டும் வருபவற்றைக் களைந்து, வேறுபட்ட மதிப்புகளின் கணத்தை முதலில் உருவாக்குவது அதன் அச்சு. வரிசைப்படுத்தல், மேஜிக், மெமோயிஸ், மியூனிக் முறை ஆகிய அனைத்தும் ஒரே எண்ணை நம்பி நிற்பது கவனிக்கத்தக்கது. எத்தனை பதிவுகளுக்குள் எத்தனை வேறுபட்ட மதிப்புகள்? எடுத்துக்காட்டில் 1,00,000 பதிவுகளுக்குள் 500 கல்லூரிகள் என்பதால் மறுபயன்பாடு ஆதாயம் தந்தது. 95,000 வேறுபட்ட மதிப்புகள் இருந்திருந்தால், சேமித்துவைக்கும் உழைப்பு பெரும்பாலும் வீணாகியிருக்கும்.

அந்த எண்ணை மதிப்பிடுவதோ மிகக் கடினம். 2000இல் மோசஸ் சரிகர், சுரஜித் சௌதுரி, ராஜீவ் மோத்வானி, விவேக் நரசையா ஆகியோர் இதற்கு ஒரு கணித எல்லையையே நிறுவினர். அட்டவணையின் சிறு மாதிரியை மட்டும் பார்த்து வேறுபட்ட மதிப்புகளை எண்ண முயலும் எந்த முறையும், ஏதேனும் ஒரு தரவில் பெரும் பிழை செய்தே தீரும். 1991இல் யானிஸ் அயோனிடிஸும் ஸ்டாவ்ரோஸ் கிறிஸ்டோடூலாகிஸும், இணைப்புகள் அடுக்கடுக்காகக் கூடும்போது மதிப்பீட்டுப் பிழைகள் பன்மடங்காகப் பெருகும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தனர். செலவு வாய்பாடு எவ்வளவு நுண்மையானதாயினும், அதற்குள் இடும் எண்கள் பிழையானால் விடையும் பிழையே. நடைமுறைத் தரவுத்தளங்களைச் சோதித்த 2015ஆம் ஆண்டின் மியூனிக் குழு ஆய்வொன்றும், தவறான திட்டங்களுக்குச் செலவு வாய்பாட்டைவிடப் பதிவு எண்ணிக்கையின் பிழையே பெரிய காரணம் என்று கண்டது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜயந்த் ஹரித்சாவின் குழு இச்சிக்கலை மற்றொரு முனையிலிருந்து அணுகியது. மும்பைக் கட்டுரை வெளியான அதே 2005 டிரான்ட்ஹைம் மாநாட்டில், தேர்வு விகிதம் சிறிது சிறிதாக மாறும்போது திட்டமிடுவியின் முடிவு எவ்வாறு மாறுகிறது என்பதை வண்ண வரைபடங்களாக அக்குழு காட்டியது. சிறு மாற்றத்துக்கே திட்டம் மாறும் சிக்கலான எல்லைக்கோடுகள் அவற்றில் வெளிப்பட்டன. 2014இல் அன்ஷுமன் தத்தும் ஹரித்சாவும், மதிப்பீட்டையே கைவிட்டுப் பார்க்கும் வழியொன்றை முன்மொழிந்தனர். செலவு வரம்பை இரட்டித்துக்கொண்டே தேர்ந்த சில திட்டங்களை இயக்கிப் பார்த்து, உண்மை விகிதத்தை இயக்கத்தின்போதே கண்டறிவது அது. அறியாத அளவு ஒன்றே ஒன்று எனில், மொத்தச் செலவு மிகச் சிறந்த திட்டத்தின் செலவைப் போல் நான்கு மடங்கைத் தாண்டாது என்ற உறுதியையும் அவர்கள் நிறுவினர்.

உள்வினவலின் கதையில் அண்மைத் திருப்பம் ஒன்றும் உண்டு. தரவுத்தளத்துக்குள் எழுதப்படும் சார்புகள், திட்டமிடுவிக்கு உள்வினவலைவிட இருண்ட பெட்டிகள். 2017இல் வெளியான ஃப்ராய்ட் என்ற ஆய்வு, அச்சார்புகளின் கட்டளைகளை உள்வினவல்களாக மொழிபெயர்த்து, பிறகு உள்வினவல் நீக்க விதிகளைக் கொண்டு கரைத்தது. அதை வழிநடத்திய கார்த்திக் ராமச்சந்திரா, மும்பை ஐ.ஐ.டி.யில் சுதர்ஷனிடம் ஆய்வு செய்தவர். 2001ஆம் ஆண்டுக் கட்டுரையின் கலிண்டோ-லெகாரியாவும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். எஸ்.க்யூ.எல். சர்வர் 2019இல் அம்முறை இடம்பெற்றது. சுமையாகக் கருதப்பட்ட உள்வினவல், அதைவிட இருண்ட ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பாலமாயிற்று.

உள்வினவலைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரையை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அளபுருவின் மறுவரவை அறியாத, உள்வினவலைக் கரைக்கத் தெரியாத திட்டமிடுவிகளின் காலத்தில் அது பயனுள்ள கைவழக்கம். இன்று அதைப் பொது விதியாகக் கற்பிப்பதில் இரு இழப்புகள் உள்ளன. தானே மாற்றி எழுதும் மாணவர் கவுண்ட் பிழையையும் நல் சிக்கலையும் தானே மீண்டும் உருவாக்கக்கூடும். மெதுவான விடையைத் தவிர்க்கப்போய்த் தவறான விடையைப் பெறுவார். மேலும், எது வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்ற காட்டின் வாக்குறுதியை அவர் தம் கையாலேயே கைவிடுகிறார். வகுப்பறையில் விதிக்குப் பதிலாக அந்நான்கு கேள்விகளைக் கொடுக்கலாம். ஒரே கேள்வியை இரு வடிவங்களில் எழுதச் செய்து, தரவுத்தளம் வெளியிடும் திட்டத்தில் மதிப்பிட்ட பதிவு எண்ணிக்கையையும் உண்மை எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யலாம். இரண்டும் எந்த வரியில் முதன்முதலாக விலகுகின்றனவோ, அந்த வரியிலிருந்துதான் அடுத்த ஆய்வுக் கேள்வி தொடங்குகிறது.